மானாமதுரையில் கிடங்கு போடலாமா? நான்கு திசை ரயிலும் நம் பூக்கல்லும்

பூக்கல்காரன் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். காரைக்குடிப் பக்கம் ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கிற குடும்பம் எங்களுடையது. தாத்தா காலத்து அச்சுகள் இன்னும் பட்டறையில் புழங்குகின்றன. இப்போதைய சிக்கல், வார்த்த கல்லை வைக்க இடமில்லை. பட்டறைக்குப் பின்னால் ஊறவைக்கும் தொட்டி, அதற்குப் பின்னால் காயவைக்கும் வெளி, அதற்கும் பின்னால் சித்தப்பாவின் புளியமரம். மரத்தை வெட்டலாமா என்று கேட்டால் சித்தப்பா என்னை வெட்டிவிடுவார்.

ஒரு தரகர் மானாமதுரைக்கு வெளியே ஓர் இடம் காட்டியிருக்கிறார். மதுரை, ராமேசுவரம், விருதுநகர், காரைக்குடி என்று நான்கு பக்கமும் ரயில் பிரிகிற சந்திப்பு, பக்கத்திலேயே சிப்காட், வைகைக் கரை. "இன்னும் ஐந்து வருடத்தில் இந்த வட்டாரத்துக்கே இதுதான் தலைவாசல்" என்று அடித்துச் சொல்கிறார். அப்பாவோ, "கல்லைக் காரைக்குடிக்குத் தெற்கே கொண்டுபோய் இறக்காதே" என்கிறார். காரணம் கேட்டால் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுகிறார்.

கல் வார்ப்பது ஆத்தங்குடியில்தான், அதில் மாற்றமில்லை. ஊர் மண்ணை விட்டால் கல்லுக்குப் பெயரும் இல்லை, விலையும் இல்லை. கிடங்கு மட்டும்தான் கேள்வி. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்கொடி

கூட்ஸ் கார்டாக முப்பது வருடத்துக்கு மேல் ஓடி ஓய்வு பெற்றவன். மானாமதுரை யார்டில் நான் விழித்துக் கிடந்த இரவுகளைக் கூட்டினால் ஒரு வருடம் தேறும்.

தரகர் சொன்ன நான்கு திசை உண்மை. அது ஒரே நாளில் வந்ததல்ல. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-ல் தண்டவாளம் வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் அந்தப் பாதைக்குக் கடல் கடக்கும் மதிப்பு ஏற்பட்டது. திருச்சி, புதுக்கோட்டை, காரைக்குடி வழியாக வந்த பாதை 1930 வாக்கில் மானாமதுரையைத் தொட்டது. விருதுநகர்ப் பாதை 1960-களில் சேர்ந்தது. எல்லாம் மீட்டர் கேஜ். பிறகு ஒவ்வொன்றாக அகலப்பாதை, மின்மயம். இன்றைக்குச் சென்னையிலிருந்து காரைக்குடி வழியாக ராமேசுவரம் போகும் வண்டியும் சரி, செங்கோட்டை போகும் சிலம்பு எக்ஸ்பிரஸும் சரி, மானாமதுரையைத் தொடாமல் போக முடியாது.

ஆற்றங்கரை என்று சொன்னாரே, அதற்கும் ஒரு காலத்தில் பொருள் இருந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர்தான் சாப்பாடு. தண்ணீர் கிடைக்கிற ஊர்தான் வண்டி நின்று நிதானமாகக் கிளம்பும் ஊராக இருக்க முடியும். டீசல் வந்ததுமே அந்தக் கணக்கு முடிந்தது. மின்சார எஞ்சினுக்கு வைகையும் ஒன்றுதான், வறண்ட ஓடையும் ஒன்றுதான்.

இனி தம்பி கேட்காத கேள்வி ஒன்று. உங்கள் கல் எவ்வளவு எடை?

பூக்கல்காரன்

இரண்டு சென்டிமீட்டர் கனம் ஐயா. ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ நான்கு கிலோ வரும். ஆயிரத்து ஐந்நூறு சதுர அடி வீடு என்றால் ஆறு டன்.

பச்சைக்கொடி

முழுச் சரக்கு ரயில் என்றால் நாற்பதுக்கு மேற்பட்ட பெட்டிகள். ஒரு பெட்டியில் மட்டுமே அறுபது டன் அளவுக்கு ஏறும். உங்கள் பத்து வீட்டுக் கல் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிடும், மீதிப் பெட்டிகளில் யார் வீட்டுச் சீரை ஏற்றுவது? நிலக்கரி, உரம், அரிசி, சிமென்ட் என்று மொத்தமாக நகர்கிற பொருளுக்குத்தான் இன்றைய கூட்ஸ். பார்சலில் போடலாம் என்பார்கள். பார்சல் வேனில் இருந்து மூட்டை எப்படி இறங்குகிறது என்று ஒருமுறை நடைமேடையில் நின்று பாருங்கள், பிறகு பூக்கல்லைப் பற்றி யோசியுங்கள்.

நான்கு திசையிலும் ரயில் போகிறது. நான்கு திசையிலும் உங்கள் கல் போகாது.

தேவகோட்டை ரஸ்தா

பச்சைக்கொடி ஐயா சொன்னதற்கு மேல் என்ன இருக்கிறது? ஆனாலும் மனம் கேட்கவில்லை, சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்துக்குத் தலைவாசல் என்றால் அது காரைக்குடி. காரைக்குடியும் சந்திப்புதான்: திருச்சி, மானாமதுரை, பட்டுக்கோட்டை வழியாகத் திருவாரூர். 2024-ல் மாநகராட்சியும் ஆகிவிட்டது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே எப்படி வந்தது? ஆறு ஓடியதாலா? அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953-ல் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். மானாமதுரைக்காரர்கள் சந்திப்பை வைத்துக்கொண்டு என்ன சாதித்தார்கள்?

(என் பெயரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம். எங்கள் ஊர் ஓரிடம், எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ரயில் நிலையம் இன்னோரிடம். ரயிலால் ஊர் வளரும் என்ற பேச்சை நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்போம்.)

கண்மாய்க்கரை

என்ன சாதித்தார்கள் என்று கேட்ட அண்ணன் அடுத்த கச்சேரியில் கடம் வாசிப்பவரின் மடியைப் பார்க்கட்டும்.

நான் மானாமதுரையில் பிறந்து காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். பிறந்த வீட்டில் இன்றும் சக்கரம் சுற்றுகிறது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சக்கரத்தில் வனைந்து எடுத்த கடத்தை அப்படியே விட முடியாது. உள்ளே கல்லும் வெளியே மரப்பலகையும் வைத்து ஆயிரக்கணக்கான முறை தட்டித் தட்டித்தான் அந்தக் கனமும் அந்த நாதமும் வருகின்றன. அப்படித் தட்டுவது பெரும்பாலும் பெண்களின் கை. கச்சேரியில் கைதட்டல் யாருக்கு என்பது வேறு கதை.

ஆனால் தரகர் சொன்ன வைகைக் கரை பற்றி நானும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். சித்திரையில் எங்கள் வீர அழகர் ஆற்றில் இறங்குவார். இறங்குவது பெரும்பாலும் மணலில்தான். 1959-ல் வைகை அணை வந்த பிறகு, திறந்துவிட்டால் ஆறு, அடைத்துவிட்டால் மணல். மணலையும் அள்ளிய பிறகு கருவேலம். எங்களுக்குக் களிமண் ஆற்றிலிருந்து வருவதில்லை, கண்மாயிலிருந்து வருகிறது. கண்மாயில் நாலு மாதம் தண்ணீர் நின்றால்தான் அடியில் நல்ல மண் படியும். நதியை வைத்து ஊரை விற்பவர்கள் யாரும் கண்மாயைப் பற்றிப் பேசுவதில்லை.

சிப்காட்டும் அப்படித்தான். எங்கள் தெருப் பையன்கள் சிலருக்கு அங்கே வேலை, மற்றவர்களுக்குத் திருப்பூர். மருத்துவக் கழிவை எரிக்கும் ஆலை வருகிறது என்றபோது ஊரே திரண்டு எதிர்த்தது. தொழில் வரட்டும், வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேறு எங்கேயும் எதை வைக்கக் கூடாதோ அதையெல்லாம் வைக்கிற இடமாக எங்கள் ஊரை ஆக்கிவிடாதீர்கள் என்றுதான் கேட்டோம்.

சங்கப்பலகை

வைகைக் கரையில் தொழில் என்பது சிப்காட்டோடு தொடங்கியதா என்ன? கீழடியில் உறைகிணறும் செங்கல் கட்டுமானமும் எழுத்துப் பொறித்த பானை ஓடும் கிடைத்திருக்கின்றன. ஒரு மாதிரியின் காலம் பொது ஆண்டுக்கு முன் 580 என்று வந்தது. ஆறு கடலில் சேரும் பக்கம் அழகன்குளத்தில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது. மதுரைக்கும் அழகன்குளத்துக்கும் நடுவில் உள்ள ஊர்தான் மானாமதுரை. இரண்டாயிரம் ஆண்டுப் போக்குவரத்துப் பாதையில் கிடங்கு போடுவதற்கு யோசிக்கலாமா?

கானாடுகாத்தான் ஆச்சி

ரோமாபுரிக்காரன் பூக்கல் கேட்டால் சொல்லி அனுப்புங்கள் தம்பி. இப்போது ஆத்தங்குடிப் பிள்ளைக்குப் பதில் சொல்வோம்.

லாரி புக்கிங்

திருப்பத்தூர் சாலையில் புக்கிங் ஆபீஸ் நடத்துகிறேன். பூக்கல் ஏற்றிய அனுபவம் நிறைய உண்டு, ஏச்சு வாங்கிய அனுபவம் அதைவிட நிறைய.

நான் சொல்வதை வைத்தே ஊரை அளந்து பாருங்கள். ஓர் ஊர் போக்குவரத்து மையமா இல்லையா என்பதை அங்கே எத்தனை வண்டி வருகிறது என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். வந்த வண்டி வெறுமனே திரும்புகிறதா, பாரத்தோடு திரும்புகிறதா என்று பாருங்கள். ரிட்டர்ன் லோடு கிடைக்கிற ஊருக்கு வாடகை குறைவு. கிடைக்காத ஊருக்குப் போக்கு வரத்து இரண்டையும் உங்கள் தலையில்தான் கட்டுவோம். வேறு வழியில்லை, டீசல் யாருக்கும் கடன் சொல்லாது.

விருதுநகரைப் பாருங்கள். பேர் சொல்ல ஓர் ஆறு இல்லை. ஆனால் மிளகாய், மல்லி, உளுந்து, எண்ணெய் என்று எதற்கும் விலை அங்கே பேசப்படுகிறது. சரக்கோடு போன வண்டி சரக்கோடு திரும்புகிறது. அந்த ஊருக்கு வண்டி அனுப்ப நான் யோசிப்பதே இல்லை. மானாமதுரை வழியாக என்ன போகிறது? ராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாய், கருவேலங்கரி, உப்பு, ஐஸ் பெட்டியில் மீன். எல்லாம் அந்தந்த இடத்தில் ஏறி, மானாமதுரையைக் கடந்து போகிறது. அங்கே இறங்கி, விலை பேசி, வேறு வண்டி ஏறுவது குறைவு. கடந்து போகிற ஊர் வேறு, இறங்கி ஏறுகிற ஊர் வேறு.

அடுத்து உடைசல். பூக்கல்லைப் படுக்கவைத்தால் பாரத்தில் விரியும். நிமிர்த்தி நிறுத்தி, நடுவே வைக்கோல் திணித்துத்தான் ஏற்றுகிறோம். பட்டறையில் ஒரு முறை ஏற்றுகிறோம், வாங்குகிறவர் வீட்டில் ஒரு முறை இறக்குகிறோம். நடுவில் கிடங்கு என்று ஒன்று வந்தால் இன்னொரு முறை இறக்கி, இன்னொரு முறை ஏற்ற வேண்டும். அதிலும் காரைக்குடியிலிருந்து மானாமதுரை ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர். உங்கள் வாடிக்கை எந்தப் பக்கம்?

பூக்கல்காரன்

சென்னை, பெங்களூரு, கோவை, கொச்சி. தூத்துக்குடித் துறைமுகத்துக்கு எப்போதாவது ஒரு கன்டெய்னர்.

லாரி புக்கிங்

அப்படியானால் முக்கால்வாசிக் கல் வடக்கேயும் மேற்கேயும் போகிறது. அதைத் தெற்கே கொண்டுபோய் வைத்து, மறுபடி வடக்கே இழுப்பதா? தூத்துக்குடிக்கு மட்டும் அந்த வழி சரி. எப்போதாவது போகிற ஒரு கன்டெய்னருக்காக நிலம் வாங்குகிறவர் மாதம் ஒருமுறை குடிக்கும் பாலுக்காக மாட்டுப்பண்ணை வைத்தவர்.

உங்கள் அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டே இதைத்தான் சொல்லியிருப்பார்.

கானாடுகாத்தான் ஆச்சி

லாரிக்காரத் தம்பி பேசியது பேச்சு. எங்கள் ஐயா பர்மாவில் கொண்டுவிற்றவர். பெட்டியடியில் உட்கார்ந்த பையனுக்கு முதலில் ஐந்தொகை, அதாவது வரவு பற்றுக் கணக்கு, போடத்தான் கற்றுக்கொடுப்பார்களாம். வரவும் பற்றும் ஒரு காசு பிசகினாலும் அன்றைக்கு இராச் சாப்பாடு தள்ளிப்போகும். ஆத்தங்குடிப் பிள்ளை அப்படி ஓர் ஐந்தொகை போட்டுப் பார்த்தாயா? நிலத்தின் விலை, அதற்கு வட்டி, காவல்காரன் சம்பளம், கூடுதல் ஏற்றுக்கூலி இறக்குக்கூலி, உடைகிற கல். எதிர்ப்பக்கம் என்ன எழுதுவாய்? "நான்கு திசை" என்று எழுதினால் கூட்டலுக்கு வராது.

ஆற்றுக்கும் நமக்கும் உள்ள உறவையும் சொல்லிவிடுகிறேன். காவிரி கடலில் விழுகிற பூம்புகாரிலிருந்து வந்தவர்கள் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஆற்று முகத்தில் இருந்தவர்கள் ஆறே இல்லாத சீமையில் வந்து வீடு கட்டினார்கள். கூரையில் விழுந்த மழையை வளவு முற்றத்தில் பிடித்தார்கள், ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். காரைக்குடிக்குச் சம்பை ஊற்று. அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் வேறு ஊர்த் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நானும் அப்படித்தான். ஆறு ஓடுகிற ஊரில் மணல், ஆறு இல்லாத ஊரில் இனிப்பான நீர்.

அந்த இடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தாயா? கண்மாய்ப் புறம்போக்கு இல்லையே?

பூக்கல்காரன்

வில்லங்கச் சான்று கேட்டிருக்கிறேன் ஆச்சி. ஞாயிற்றுக்கிழமை இடத்தையே ஒருமுறை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

தேவகோட்டை ரஸ்தா

போகும்போது ரயிலில் போங்கள். ஒற்றைப் பாதை, எதிர் வண்டிக்காக எந்த நிலையத்தில் எவ்வளவு நேரம் நிறுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.

பச்சைக்கொடி

இதைச் சொல்ல நான் இருக்கிறேன், நீங்கள் ஏன் வருத்தப்படுகிறீர்கள்? ஒற்றைப் பாதையிலும் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவர்கள் நாங்கள். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றதிலிருந்து 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும்வரை வண்டிகள் மண்டபத்தோடு நின்றன. அந்த இரண்டு வருடத்துக்கு மேல் ராமேசுவரத்துக்கு வந்தவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் ரயில் வேண்டாம் என்று பேசமாட்டார்கள். ஆட்களுக்கு ரயில் வேண்டும். கல்லுக்குத்தான் லாரி என்றேன்.

பூக்கல்காரன்

போய்வந்தேன். கண்மாய்க்கரை அக்கா சொன்னது போல ஆற்றுக்குள் கருவேலம். பாலத்தில் நின்று பார்த்தபோது, நடுவில் மட்டும் ஒரு கோடு போலத் தண்ணீர், அதில் நான்கு எருமைகள். நிலையம் சுறுசுறுப்பாக இருந்தது. நான் நின்ற ஒரு மணி நேரத்தில் இறங்கியவர்கள் பலர், இறங்கிய சரக்கு இரண்டு சைக்கிளும் சில அட்டைப் பெட்டிகளும்.

தரகர் காட்டிய இடம் மேட்டில்தான் இருக்கிறது என்றார். பக்கத்து வேலிக்கல்லில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் கோடு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஐப்பசி கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் இங்கேதான் மறுகால் தண்ணீர் வந்து நிற்கும், மற்றபடி நல்ல இடம்" என்றார். தரகர் அந்த நேரம் பார்த்து யாரிடமோ செல்பேசியில் பேசிக்கொண்டிருந்தார்.

ஊறவைத்த கல்லை மறுபடி ஊறவைக்க எனக்கு இன்னொரு தொட்டி வேண்டாம். விட்டுவிட்டேன்.

வரும் வழியில் அக்கா வீட்டுத் தெருவில் இரண்டு பானை வாங்கினேன். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஒன்று விரிந்துவிட்டது.

கண்மாய்க்கரை

மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டும் தம்பி. மேலே தட்டில் வைத்தீர்களா?

கானாடுகாத்தான் ஆச்சி

ஆத்தங்குடியிலிருந்து எங்கள் ஊர் எத்தனை தூரம்? பக்கத்து ஊர். திருச்சி சாலையும் கைக்கெட்டும் தூரத்தில். எங்கள் வீடு இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல். முன்வாசல் வருடத்துக்கு இரண்டு முறை கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திறக்கிறது. பின்கட்டும் வண்டிக்கொட்டகையும் முப்பது வருடமாகப் பூட்டிக் கிடக்கின்றன. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள், வெள்ளையடிக்கப் பணம் கேட்டால் மட்டும் ஊரில் இல்லை. இந்தச் சீமையில் பூட்டிக் கிடக்கிற தரையைக் கூட்டினால் சிப்காட் என்ன சிப்காட்.

லாரி புக்கிங்

பின்தெருவில் வண்டி திரும்புமா ஆச்சி?

கானாடுகாத்தான் ஆச்சி

பர்மாத் தேக்கு ஏற்றிய மாட்டுவண்டி வரிசையே திரும்பிய தெரு. உன் லாரி திரும்பாதா? ஒரு மின்கம்பம் மட்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைப் பார்த்து ஓட்டு.

பூக்கல்காரன்

ஆச்சி, உண்மையாகவே சொல்கிறீர்களா? வாடகை எவ்வளவு?

கானாடுகாத்தான் ஆச்சி

சும்மா தருவேன் என்று நினைத்தாயா? வாடகை உண்டு, எழுத்தில் உண்டு, பங்காளிகள் கையெழுத்தை நான் வாங்கிவிடுகிறேன். தொகையைப் பொதுவில் எழுத மாட்டேன், நேரில் வா. ஒரே ஒரு நிபந்தனை. பட்டாலைத் தரையில் நான்கு கல் விரிந்திருக்கிறது. உங்கள் ஊர்க் கல்தான், அறுபது வருடத்துக்கு முன் போட்டது. அதே பூவில் மாற்றித் தந்தால் முதல் மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

பூக்கல்காரன்

எட்டு அங்குலமா, பத்தா ஆச்சி? ஒரு படம் எடுத்துப் போடுங்கள். தாத்தாவின் அச்சு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன்.